அப்தோன் யார்லெகேயின் நாலு மணி

எங்கள் ஊர் கத்தகாவோசில் ஒருவர் போனில் "இதோ வந்துட்டேன், முக்குத் திரும்பிட்டேன்" என்று சொன்னால், அவர் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். கேட்பவருக்கும் அது தெரியும். அதனால் யாரும் அதைப் பொய்யில் சேர்ப்பதில்லை. ஆறு மணிக்கு விருந்து என்றால், ஏழரைக்குத்தான் வீட்டுக்காரி முடி சுருளத் தலையில் சுற்றி வைத்த உருளைகளைக் கழற்ற ஆரம்பிப்பாள். இப்படி ஊரே தாமதமாக வரும் இடத்தில் "அந்த ஆளா, அவர் ரொம்ப லேட்டாச்சே" என்று தனியாகப் பெயர் வாங்குவது லேசுப்பட்ட காரியமா? அப்தோன் யார்லெகே வாங்கியிருந்தார்.

அவருக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர் தொழில். கை சுத்தம், வேலை சுத்தம். வியாழக்கிழமை காலையில் வருகிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஃபிரிட்ஜுக்குள் இருந்த மீன் தெருவுக்கே சேதி சொன்ன பிறகு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். கேட்டால், "வழியில ஒருத்தரப் பாத்தேன்" என்பார். அது உண்மைதான். அவருக்கு வழியெல்லாம் ஆட்கள். எங்கள் ஊரில் ஒருவரைத் தாண்டிப் போகும்போது நின்று, அவர் மனைவி, மாமியார், முழங்கால் வலி எல்லாவற்றையும் விசாரிக்காமல் போனால் தலைக்கனம் பிடித்தவன் என்று பெயராகிவிடும். நின்றால் நாற்காலி போடுவார்கள். உட்கார்ந்தால் சுரைக்குடுவையில் சிச்சா வரும். எங்கள் சோளக் கள் அது, ஒரே குடுவை எல்லோர் கைக்கும் சுற்றி வரும். ஜாடி காலியாகும் முன்னால் எழுந்து போவது ஊற்றிக் கொடுத்தவர் முகத்தில் அறைவதற்குச் சமம். அப்தோன் யார் முகத்திலும் அறைந்ததில்லை.

அறை வாங்கியதெல்லாம் வீட்டில் இருந்தவர்கள்தான். மனைவி ஃபெலிசிதா, சுவர்க் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்துப் பார்த்தாள். அது அவருக்குத் தெரிந்துபோய், மனசுக்குள் கழித்துக்கொண்டார். அவள் இன்னும் தள்ளினாள். அவர் இன்னும் கழித்தார். கடைசியில் அந்தக் கடிகாரம் என்ன மணி காட்டுகிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. புருஷன் பெண்டாட்டி சண்டை ஒன்று சுவரில் மாட்டியிருந்தது, அவ்வளவுதான்.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ. பள்ளிப் படிப்பு முடிக்கும் பெண்கள் அன்றைக்குத் தங்கள் அப்பாவோடு ஒரு சுற்று வால்ஸ் நடனம் ஆடுவது இங்கே வழக்கம். அவருடைய ஒரே மகள் நெலிதாவும் ஆடினாள். வெள்ளைக் கவுன், தலையில் பூ, முகத்தில் அழுது துடைத்த பளபளப்பு. அவள் கையைப் பிடித்து ஆடுவது சாந்தோஸ் இபனகே, ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன். அன்றைக்கு அப்தோன், தொமாசா சிச்சா கடையில் ஃபிரிட்ஜைச் சரி பண்ணிவிட்டு, ஒரே ஒரு குடுவை என்று உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியது ஃபெலிசிதா. ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆணி மட்டும் அடித்தாள். ஒன்பது வருஷமாக அந்தப் படத்துக்குக் கீழேதான் அப்தோன் சாப்பிடுகிறார்.

அப்புறம் நெலிதா மருந்துக்கடையில் வேலைக்குப் போனாள். வில்மர் என்று ஒரு பையனைப் பிடித்துப்போய், கல்யாணம் நிச்சயமாயிற்று. ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில், மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"கோயில்ல என்னைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது சாந்தோஸ் மாமா."

அப்தோன் கையில் இருந்த கரண்டி நின்றது. "ஏன், நான் உயிரோடதான இருக்கேன்?"

"இருக்கீங்க. எங்க இருக்கீங்கன்னுதான் தெரியாது."

"உன் கல்யாணத்துக்கு நான் லேட்டா வருவனாம்மா?"

"அப்பா, பீடத்துக்கிட்ட வில்மர் நிப்பாரு. சாமியார் வாட்சைப் பாப்பாரு. நான் வெள்ளக் கவுனோட வாசல்ல நிப்பேன். நீங்க போன்ல, முக்குத் திரும்பிட்டேன்மான்னு சொல்வீங்க. நான் ஒருதடவ அப்படி நின்னுட்டேன். இன்னொரு தடவ என்னால ஆகாது." கிழங்கைத் தட்டில் போட்டாள். "நீங்க வந்து முன் வரிசையில உக்காருங்க, அது போதும். வந்தீங்கன்னா."

அந்த 'வந்தீங்கன்னா'வுக்குப் பிறகு அப்தோன் தட்டைத் தள்ளி வைத்தார். ஃபெலிசிதாவைப் பார்த்தார். அவள் படத்தைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் அவர் செய்தது, நாமெல்லாம் செய்கிற அதே முட்டாள்தனம்தான். புனிதர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, இன்று முதல் எதற்கும் தாமதமாகப் போவதில்லை என்று சபதம் எடுத்தார். தட்டு மாதிரி ஒரு பெரிய கைக்கடிகாரம் வாங்கினார். விடியும் முன்னால் எழுந்தார். சிச்சாவை விட்டார். தெருவில் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஊரில் அதற்குள் பேச்சுக் கிளம்பிவிட்டது: யார்லெகேக்கு என்ன, சம்பந்தி வீட்டோடு சண்டையா? ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தூக்கமில்லாமல் ஒரு வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சாய்ந்தபடியே தூங்கிப்போய், அடுத்த மூன்று வீடுகளுக்குப் போகவே இல்லை. கோபத்தில் நேராகத் தொமாசா கடைக்குப் போய் ஜாடி காலியாகும்வரை உட்கார்ந்தார்.

அங்கே சாந்தோஸ் இருந்தான். ஞானத்தகப்பனும் சொந்தத் தகப்பனும் இங்கே ஒருவரை ஒருவர் கொம்பாத்ரே என்று கூப்பிடுவார்கள். அண்ணன் தம்பிக்கு மேலான உறவு. சாந்தோஸ் குடுவையை நீட்டிக்கொண்டே சொன்னான்: "கொம்பாத்ரே, நீ நேரத்துக்கு வர ஆரம்பிச்சா மழை கொட்டும். மழை கொட்டினா ஆறு ஊருக்குள்ள வரும். ஊர் நல்லா இருக்கணும்னா நீ இப்படியே இருந்துரு." கடை முழுக்கச் சிரித்தது. அப்தோனும் சிரித்தார். சிரித்ததற்காக வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டார்.

பிறகு ஒருநாள் ஹோர்தென்சியா அம்மாள் வீட்டு ஃபிரிட்ஜ். கம்ப்ரெசர் போய்விட்டது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்று அந்த அம்மாள் தீர்மானமாக இருந்தாள். அப்தோன் கையை ஈரம் பண்ணிக்கொண்டு, மூடிய கதவைச் சுற்றி ரப்பர் ஓரமாகத் தடவிப் பார்த்தார். கீழ்க்கீல் பக்கத்தில் குளிர் வெளியே கசிந்தது.

"அம்மா, மெஷின் நல்லாத்தான் இருக்கு. இங்க ஒரு சந்து விழுந்திருக்கு, அவ்வளவுதான். இந்தச் சந்துக்காக அது ராத்திரி பகலா மூச்சிரைக்க ஓடுது."

ரப்பரை வெந்நீரில் போட்டு இளக்கிப் பொருத்திவிட்டு வந்தவருக்கு, அன்று சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருஷம் ஊர் ஃபிரிட்ஜையெல்லாம் தடவிப் பார்த்தவன், தன் நாளை ஒருதடவை தடவிப் பார்க்கவில்லையே என்று நினைத்தார். சபதம் எடுத்தது கம்ப்ரெசரை மாற்றிய மாதிரி. சந்து அப்படியே இருந்தது.

அவர் கண்டுபிடித்த முதல் சந்து ரொம்பச் சின்னது. 'இதோ வந்துட்டேன்' என்று சொல்லிவிட்டால் மனசு போய்ச் சேர்ந்துவிடுகிறது, உடம்பு கட்டிலில் கிடக்கிறது. ஆகவே இரண்டு காலிலும் ஷூ ஏறும்வரை அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டார். அது மட்டும்தான். வேறு எதையும் தொடவில்லை. வழியில் நின்றார், குடித்தார், தாமதமாகத்தான் போனார்.

அதற்கே ஊர் குழம்பியது. போன் வரும்.

"மேஸ்திரி, வந்துட்டீங்களா?"

"இல்லம்மா. இன்னும் சட்டை போடல."

"அப்ப வர மாட்டீங்களா?"

"வருவேன். சட்டை போட்டுட்டு வருவேன்."

ஃபெலிசிதா தலையில் அடித்துக்கொண்டாள். "சட்டை போடாததெல்லாம் ஊர்ப் பொம்பளைங்களுக்குச் சொல்ற விஷயமா? மானம் போகுது."

ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டுமே என்பதற்காகவே ஷூவைத் தேட வேண்டியிருந்தது. தினமும் தேட முடியாமல் ஷூவைக் கதவோரம் விட ஆரம்பித்தார். ஷூவோடு பெட்டியும் அங்கே வந்தது, பெட்டி மேல் சாவி வந்தது. கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தார். அவர் குளிக்கப் போன நேரத்தில் ஃபெலிசிதா பழக்க தோஷத்தில் அதை முன்னால் தள்ளினாள். அவர் வந்து திருப்பினார். ஒரு மாதம் இந்தக் கூத்து நடந்தது. கடைசியில் பாட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அப்புறம்தான் அவள் விட்டாள்.

நாற்காலிதான் பெரிய சந்து. குடிப்பதை விட வேண்டாம், உட்காருவதை விட்டால் போதும் என்று அவருக்குப் புரிய வெகுநாள் பிடித்தது. நின்றுகொண்டே ஒரு குடுவை, நின்றுகொண்டே முழங்கால் வலி விசாரிப்பு, பிறகு நடை. தொமாசாவுக்கு இது பொறுக்கவில்லை.

"நின்னுக்கிட்டே குடிக்க நீ என்ன போலீஸா? நாற்காலியில முள்ளா இருக்கு?"

"மூல வியாதி, தொமாசா."

அந்தப் பொய் ஊர் முழுக்கப் போய், நான்கு பேர் நான்கு பச்சிலை கொண்டுவந்து கொடுத்தார்கள். அதையும் நின்றுகொண்டே வாங்கிக்கொண்டார்.

இப்படியாக, சொன்னால் நம்ப மாட்டீர்கள், செப்டம்பர் முடிவதற்குள் அப்தோன் யார்லெகே சொன்ன நேரத்துக்குப் போய் நிற்க ஆரம்பித்துவிட்டார். அவருடைய கஷ்டகாலமும் அப்போதுதான் ஆரம்பித்தது. நேரத்துக்கு வருகிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்கள் ஊருக்குத் தெரியாது. பத்து மணி என்று சொல்லியிருந்த ஹோர்தென்சியா அம்மாள் வீட்டுக் கதவைப் பத்து மணிக்குத் தட்டினார். அந்த அம்மாள் இரவு அங்கியோடு, பாதிப் பல் விளக்கிய வாயோடு திறந்து, "பத்துன்னு சொன்னா பத்துக்கேவா வர்றது? ஒரு மட்டு மரியாதை வேண்டாமா மேஸ்திரி" என்று கதவைச் சாத்தினாள். படியில் உட்கார்ந்து காத்திருந்தார். காத்திருந்த நேரத்தில் அடுத்த வீட்டுக்குத் தாமதமாயிற்று. அங்கே அவர்கள், "நீங்க இப்பதான் வருவீங்கன்னு தெரியும், அதான் நாங்க முன்னாடியே வரச் சொன்னோம்" என்று பெருமையாகச் சொன்னார்கள். அப்தோனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரிடம் காட்டுவது?

விருந்துகள் இன்னும் மோசம். சொன்ன நேரத்துக்குப் போனால் வீட்டில் ஆள் இருக்காது, அல்லது ஆள் இருக்கும், ஆடை இருக்காது. "வந்ததுதான் வந்தீங்க, இந்த நாற்காலியெல்லாம் கொஞ்சம் விரிச்சுப் போடுங்க" என்றார்கள் ஒரு பிறந்தநாள் வீட்டில். அடுத்த வீட்டில் பலூன் ஊதினார். மூன்றாவது வீட்டில், சீக்கிரம் வருகிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்து, வாடகை நாற்காலிக்காரனிடம் இவர் பேரைச் சொல்லி இறக்கிவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். ஃபெலிசிதா அவரோடு வருவதையே நிறுத்திவிட்டாள்.

"சோத்துக்கு அலையிற குடும்பம்னு பேசுறாங்க. நீங்க லேட்டா வந்தப்ப எனக்கு அவமானமா இருந்துச்சு. இப்ப அதவிட அவமானமா இருக்கு."

"அப்ப நான் என்னதான் பண்ணணும்?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும். மத்தவங்க மாதிரி இருங்க."

அக்டோபரில் ஒருநாள் மருந்துக்கடைக்கு மகளைப் பார்க்கப் போனார். நின்றுகொண்டே பேசினார்.

"நெலிதா, இப்பல்லாம் நான் எங்கயும் லேட்டாப் போறதில்ல. ஊர்ல யாரை வேணா கேட்டுப் பாரு."

"கேள்விப்பட்டேன்ப்பா. பலூன் ஊதுனீங்களாமே."

"அதில்ல. கோயில்ல உன்னைக் கூட்டிட்டுப் போறதப் பத்தி..."

அவள் மாத்திரை அட்டைகளை அடுக்குவதை நிறுத்தவில்லை. குரல் மட்டும் தணிந்தது. "அப்பா, நேரத்துக்கு வர்றது உங்களுக்கு ஒரு மாசப் பழக்கம். உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறது எனக்குச் சின்ன வயசுலேர்ந்து பழக்கம். உங்களது மாறிடுச்சுன்னு என்னுது உடனே மாறிடுமா?"

அவருக்குக் கோபம் இருந்தது. தினம் தினம் ஷூவையும் சாவியையும் நாற்காலியையும் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டியது இவளுக்காகத்தானே என்று கத்தத் தோன்றியது. ஒரு இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அவருக்கு இருமலே இல்லை.

கல்யாணம் நவம்பரில். பத்திரிகையில் மாலை ஆறு மணி என்று அச்சடித்திருந்தது. ஆறு என்றால் ஏழு என்று எல்லோருக்கும் தெரியும், சாமியாரும் ஏழுக்குத்தான் பூசைக்கு ஒத்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் நெலிதா அவரிடம் வந்தாள்.

"அப்பா, போட்டோக்காரர் உங்களையும் என்னையும் தனியா வச்சு ஒரு படம் எடுக்கணும்னாரு. வெளிச்சம் இருக்கறப்பவே. நாலு மணிக்குக் கோயில் வாசலுக்கு வந்துருங்க."

"நீயும் நானும் மட்டுமா?"

"ஆமாப்பா. நாலு மணி."

அன்றைக்கு அவர் சாப்பிட்டுவிட்டு, சுவரில் கடிகாரத்துக்கு இந்தப் பக்கம் கையை வைத்து அளந்து பார்த்தார். அந்தப் பக்கத்துப் படம் எவ்வளவு பெரிசோ அவ்வளவு இடம் இந்தப் பக்கமும் இருந்தது. ஆணிகூட வாங்கிவிட்டார்.

கல்யாணத்தன்று பெண் அலங்காரம் சாந்தோஸ் வீட்டில். அங்கேதான் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. ஃபெலிசிதா காலையிலேயே அங்கே போய்விட்டாள். அப்தோன் தனியாகக் குளித்து, கோட்டு சூட்டு மாட்டி, தெருவில் பாதிப் பேருக்குக் கையசைத்தபடியே நடந்து, நாலு அடிப்பதற்குள் கோயில் வாசலில் இருந்தார். கதவு பூட்டியிருந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை படிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஏழு மணிக்கில்ல மேஸ்திரி?"

"தெரியும். போட்டோக்காரர் நாலுக்கு வர்றாரு. மகளும் நானும் மட்டும் ஒரு படம்."

கோயில்பிள்ளை வாளியைக் கீழே வைத்தார். "போட்டோ என் தங்கச்சி மகன்தான எடுக்கிறான். அவனை ஆறரைக்குத்தான வரச் சொல்லியிருக்காங்க. இப்பத் தூங்கிக்கிட்டு இருக்கான், பாத்துட்டுத்தான் வந்தேன்."

வெயில் அப்போது சுவரில் பட்டு முகத்துக்குத் திரும்பி வந்தது. அப்தோன் ஃபெலிசிதாவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் முடி உலர்த்தும் மெஷின் இரைந்தது, பெண்கள் சிரித்தார்கள்.

"எங்க இருக்கீங்க? கிளம்பிட்டீங்களா?"

"கோயில் வாசல்ல நிக்கிறேன்."

"விளையாடாதீங்க. நெசத்தச் சொல்லுங்க. சட்டையாவது போட்டீங்களா?"

போனை வைத்துவிட்டார். போட்டோ கிடையாது. நாலு மணி கிடையாது. எத்தனை மணிக்குச் சொன்னால் இந்த மனுஷன் ஏழு மணிக்கு வந்து சேருவான் என்று உட்கார்ந்து யோசித்து, அதற்கு ஒரு படத்தையும் தூண்டிலில் மாட்டியிருக்கிறாள் பெற்ற மகள். மற்றவர்கள் பொய் நேரம் சொன்னபோது எரிச்சல் வந்தது. இது எரிச்சல் இல்லை. ஷூவையும் பெட்டியையும் சாவியையும் தூக்கி ஆற்றில் போட்டுவிடலாம் போல இருந்தது.

சாந்தோஸ் வீட்டுக்குப் போய், அத்தனை பேர் முன்னால் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று படியிறங்கினார். முக்குவரை போனார். அந்தத் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. கல்யாணப் பெண்ணின் அப்பாவை அன்றைக்கு எவன் வெறும் வாயோடு போகவிடுவான்? எதிரே தொமாசா கடையில் வெள்ளைக் கொடி பறந்தது. புதுச் சிச்சா தயார் என்று அதற்கு அர்த்தம். தாகத்தில் கடைக்குள் போனார். தொமாசா ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இன்னைக்காவது உக்காரு. மக கல்யாணம். ஏழு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு."

நாற்காலி விளிம்பு அவர் முழங்காலுக்குப் பின்னால் பட்டது. அவ்வளவு கோபத்தோடு உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று அப்தோனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு ஜாடி, இன்னொரு ஜாடி, அதற்குள் விளக்கு வைத்துவிடுவார்கள், போன் அடிக்கும், முக்குத் திரும்பிட்டேன்மா என்பார். நெலிதா சொன்னது சரியாகிப்போகும். குடுவையைக் காலி பண்ணிக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

வந்து நின்றார். கோயில்பிள்ளை பெஞ்சை எடுத்துப் போட்டதற்கு வேண்டாம் என்றார். தூணில் சாய்ந்து நின்றார், நிழல் நகர நகரத் தானும் நகர்ந்தார். கோட்டுக்குள் வேர்வை ஊற்றி, காய்ந்து, மறுபடி ஊற்றியது. பொறுமை எல்லாம் ஒன்றும் இல்லை. மனசுக்குள் மகளையும், ஃபெலிசிதாவையும், சாந்தோஸையும், ஊரையும், தன்னையும் வரிசையாகத் திட்டிக்கொண்டே நின்றார். கால் மட்டும் நகரவில்லை.

ஏழு மணிக்கு அங்கே இருந்தவர்கள் சாமியார், கோயில்பிள்ளை, வில்மர், அப்தோன். விருந்தாளிகள் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பெண்ணின் கார் எல்லோருக்கும் பின்னால் வந்தது. சாந்தோஸ் முதலில் இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான். நெலிதா இறங்கினாள். முதல் வேலையாக வாசலைத்தான் பார்த்தாள். அப்பா நிற்பதைக் கண்டதும் அவள் தோள் நிம்மதியில் இறங்கியது. கிட்டே வந்த பிறகு சட்டைக் காலரில் காய்ந்திருந்த உப்புக்கோடு தெரிந்தது.

"எப்பப்பா வந்தீங்க?"

"இப்பதான்மா."

"இப்பதானா?" என்றார் கோயில்பிள்ளை. "நாலு மணியிலேர்ந்து இந்தத் தூணும் அவரும்தான் நிக்கிறாங்க. உக்காருன்னாலும் உக்காரல."

அப்தோன் இந்த நேரத்துக்கென்று ஒரு சூடான வாக்கியத்தை மூன்று மணி நேரமாகத் தீட்டி வைத்திருந்தார். வாயைத் திறந்தபோது வேறு என்னவோதான் வந்தது. "போட்டோக்காரர் வரலம்மா."

நெலிதாவின் முகம் அந்தப் பழைய படத்தில் இருந்த முகமாக மாறியது. ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் சாமியார் வாசலுக்கே வந்துவிட்டார். "எட்டு மணிக்கு எனக்கு இன்னொரு பூசை. இனி ஒரு நிமிஷம்கூட நிக்க முடியாது. வாங்க உள்ள." போட்டோக்காரப் பையன் கேமராவைத் தூக்கினான். "நேரம் இல்ல," என்று சாமியார் அவனையும் விரட்டினார். சாந்தோஸ் அவள் கையைத் தன் முழங்கைக்குள் போட்டுக்கொண்டான்.

கதையாக இருந்தால் இந்த இடத்தில் மகள் கையை உருவிக்கொண்டு அப்பாவிடம் ஓடி வந்திருப்பாள். நெலிதா சாந்தோஸ் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனாள். அப்தோன் ஓரமாக நடந்து, முன் வரிசையில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு முதன்முதலாக உட்கார்ந்தது அப்போதுதான். பூசையில் சாமியார் என்ன சொன்னார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

வெளியே வந்து எல்லோரும் அரிசி வீசிக்கொண்டிருந்தபோது நெலிதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"நாளைக்கு எங்க வீட்ல மறுநாள் சாப்பாடு. ஒரு மணிக்கு வாங்கப்பா."

அவர் கோபம் இன்னும் தணியவில்லை. "யாரோட ஒரு மணி?"

அவள் தன் தலையில் இருந்த அரிசியைத் தட்டிவிட்டாள். "கடியாரத்தோட ஒரு மணி."

விடியும்வரை ஆடிவிட்டு, மறுநாள் மத்தியானம் ஊரே செத்துக் கிடந்தது. "ஒரு மணிக்கா? எவன் எந்திரிச்சிருப்பான்? நான் மூணுக்கு வர்றேன், ஆட்டுக்கறி எங்கயும் ஓடிப்போயிடாது" என்று ஃபெலிசிதா திரும்பிப் படுத்துவிட்டாள். துவைத்த கோட்டு சூட்டு கொடியில் தொங்கியது. அப்தோன் வேலைக்குப் போடும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசல்களில் நாற்காலியும் இல்லை, ஆளும் இல்லை. இன்றைக்கும் நாற்காலி விரிக்கத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே போனார்.

கதவைத் தட்டக் கையைத் தூக்கும்போதே கதவு திறந்தது. நெலிதா கல்யாணக் கவுனில் நின்றாள். நேற்று ஆடியதில் கவுனின் கீழ்விளிம்பு அழுக்காகி, ஒரு இடத்தில் கிழிந்திருந்தது. முதுகுப்பக்கம் ஜிப்பு பாதியில் நின்றது. காலில் செருப்பு இல்லை.

"வாங்கப்பா. அவங்கல்லாம் எந்திரிக்கறதுக்குள்ள எடுத்துடலாம்."

"இந்தச் சட்டையோடவா?"

"இந்தச் சட்டையோடதான்."

போனை அரிசி டின்னில் சாய்த்து ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தாள். அவரைப் பிடித்து நிறுத்தி, பக்கத்தில் வந்து நின்று, கையை அவர் முழங்கைக்குள் நுழைத்துக்கொண்டாள். "சிரிங்க, போன் எண்ணுது." அப்தோனுக்கு அழுகையில் வாய் கோணிக்கொண்டு போயிற்று. முகத்தைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று குழாயடிக்குப் போனார். வந்து நின்றார். மறுபடி போனார். மூன்றாம் தடவை அவர் திரும்பி வருவதற்குள் வில்மர் எழுந்துவிட்டான். ஆட்டுக்கறிச் சட்டி அடுப்பில் ஏறிவிட்டது. சாந்தோஸ் தலைவலியோடு வாசலில் வந்து நின்று, "என்ன கொம்பாத்ரே, இன்னும் ஆகலையா?" என்றான். நெலிதா கவுனோடு நின்றபடியே காத்திருந்தாள்.

இப்போது அந்தப் படம் கடிகாரத்துக்கு இந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது. அவர் கண் சிவந்திருக்கிறது, சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர் தெரிகிறது. அன்றைக்குத் தாமதமானது அவரால்தான், ஆனால் ஒருவரும் அவரைத் திட்டவில்லை.